மாதாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன்

நடுரோட்டில் வண்டி கொதித்து நிற்கிறது. உள்ளே குழந்தைகள். வெளியே பங்குனி வெயில். அந்த நிலைமையில் நான் நின்றேன். விக்கிரவாண்டி டோலுக்குக் கொஞ்சம் முன்னால், ஓரம் கட்டிவிட்டு, பானட்டிலிருந்து குபுகுபுவென்று கிளம்பும் ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செத்துப் போகலாம் போல இருந்தது.

என் பெயர் ஆரோக்கியமேரி. ஊர் கோலியனூர். காது கேளாத பிள்ளைகளையும் நடக்க முடியாத பிள்ளைகளையும் சுற்றுப்பட்ட ஊர்களில் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. வண்டி ரொம்பப் பழசு. என் வீட்டுக்காரர் சூசை ஓட்டிய வண்டி. அவருக்குச் சர்க்கரையால் கண் மங்கிப் போனதும் நான் லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங் பிடித்தேன். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் பிள்ளையை அனுப்புவதா என்று சிலர் முனகினார்கள். அதனால் மாதாவிடம் ஒரு நேர்ச்சை வைத்தேன். "அம்மா, நீ முன்னாடி போ, நான் பின்னாடி வர்றேன்" என்றேன். பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கார்த்திகையில் ஆரோக்கிய மாதா படத்தைப் பெரிய தகரத்தில் வரையச் சொல்லி, வண்டியின் முகப்பில், முன் விளக்குகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டினேன். எதிரே வருகிற லாரிக்காரர்கள்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

பனிக்காலம் நன்றாகத்தான் போனது. தவக்காலம் தொடங்கி வெயில் ஏறியதும் வண்டிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. விழுப்புரம் தாண்டினால் சூடு காட்டுகிற முள் மெல்ல மேலே ஏறும். விக்கிரவாண்டி வருவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொடும். நிறுத்துவேன், ஆறவிடுவேன், தண்ணீர் ஊற்றுவேன், மறுபடி கிளம்புவேன்.

திண்டிவனத்தில் எங்கள் மெக்கானிக் ஒரு பாய். சூசை காலத்திலிருந்தே இந்த வண்டிக்கு அவர்தான் வைத்தியர். முதலில் ரேடியேட்டரைக் கழற்றித் துரு போகக் கழுவினார். வண்டியை ஒலக்கூர் வரை ஓட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. "சரியாப் போச்சும்மா" என்றார். மறுநாளே மறுபடி ஏறியது. அடுத்து தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ஓட்டிப் பார்த்தார், முள் அசையவில்லை. என் கையில் வந்ததும் ஏறியது. வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், எல்லாம் புதுசு. அவர் ஓட்டினால் சாது. நான் ஓட்டினால் பேய்.

"இன்னா பாய், உங்ககிட்ட மட்டும் ஒழுங்கா போவுது?" என்று கேட்டேன்.

"அதாம்மா எனுக்கும் பேஜாரா கீது. ஒருவேளை இன்ஜின் ஹெட்டுல வெடிப்பு இருக்குமோ? அப்டி இருந்தா இது காயலாங்கடைக்குத்தான்" என்றார்.

ஒருவேளை எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையோ, முனகினவர்கள் சொன்னது சரிதானோ என்று மனசு குமைந்தது.

அந்தச் சமயத்தில்தான் டோலுக்கு முன்னால் அப்படி நின்றது. பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கி ஒரு வேப்பமர நிழலில் உட்கார வைத்தேன். கவிதா என்று ஒரு பெண் பிள்ளை, வெயில் பட்டால் வலிப்பு வரும். அவளை மடியில் போட்டுக்கொண்டு துப்பட்டாவால் விசிறினேன். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்த ஒரு அக்கா ஓடிவந்து, "அழுவாத கண்ணு, நீ அழுதா புள்ளைங்க பயப்படும்" என்று ஆளுக்கொரு கைப்பிடி கொடுத்தார். அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்தை நடத்துகிற கன்னியாஸ்திரி மதர் நல்லவர்கள். ஆனாலும் அன்றைக்கு முகம் இறுகியிருந்தது. "மேரி, உன் மேல கோவம் இல்ல. ஆனா இன்னொரு தடவ புள்ளைங்களோட வண்டி நின்னா நாங்க வேற வண்டி பார்த்துக்குவோம்" என்றார்கள். நியாயம்தானே?

தவக்காலம் முழுக்க நான் ஜெபமாலை சொல்லாத நாள் இல்லை. "கன்னிமரியே, தாழ்மையாய் வேண்டுகிறேன்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாதா சிரித்த முகமாக என்னைப் பார்த்தாள். எங்கிருந்துதான் வந்ததோ, எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. திருப்புளியை எடுத்துத் தகரத்தைக் கழற்றினேன்.

சத்தம் கேட்டு சூசை வாசலுக்கு வந்தார். "இன்னா மேரி, மாதாவ எங்க தூக்கிக்கினு போற?"

"பக்கத்து சீட்டுல உக்கார வைக்கப் போறேன். இவங்க பாட்டுக்கு முன்னாடி நின்னு ரோட்டயே பார்த்துக்கினு வர்றாங்க. பின்னாடி முள்ளு ஏறுறதும் நான் சாவுறதும் இவங்களுக்கு எப்டித் தெரியும்? இன்னிக்கு உள்ள வந்து கண்ணால பாக்கட்டும்!"

"அடியே, மாதாகிட்டயா சண்ட போடுற?" என்று அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

தகரத்தைச் சீட்டில் நிறுத்தி என் துப்பட்டாவால் கட்டினேன். முகத்தை முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தேன். "பாரு. நல்லா பாரு. பார்த்துட்டு இன்னா செய்யணுமோ செய்" என்றேன். அழுதுகொண்டேதான் கிளம்பினேன்.

விழுப்புரம் தாண்டியது. முள் அசையவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். விக்கிரவாண்டி வந்தது. முள் பாதிக்கும் கீழே நின்றது. டோல் தாண்டியது. திண்டிவனம் வரை கொதிப்பில்லை, ஆவியில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகப் பாயிடம் ஓடினேன். "பாய், மாதா புதுமை பண்ணிட்டாங்க, அற்புதம்!"

அவர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். "மாதா படம் எங்கம்மா?"

"உள்ள உக்காந்துக்கினு கீறாங்க."

அவர் வண்டி முன்னால் குந்திக்கொண்டு, தகரம் இருந்த இடத்திலே உள்ள கம்பிச் சட்டத்தில் கையை வைத்தார். அப்படியே தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! ரேடியேட்டருக்குக் காத்து போற வழிய மறிச்சிக்கினு இல்ல இருந்துச்சு! நானு அழுக்குக் கையோட தொடக்கூடாதுன்னு மொதல்ல படத்தைக் கழட்டி உள்ள மேஜை மேல வெச்சிட்டு வேல பார்ப்பேன். ஓட்டிப் பார்த்து முடிஞ்சப்புறம் கையக் கழுவிக்கினு மாட்டுவேன். எனுக்கு எப்டிம்மா சூடு ஏறும்!"

சந்தேகம் தீர ஒரு அட்டையை அந்தக் கம்பிக்கு முன்னால் மறைத்துப் பிடித்து, இன்ஜினை ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் முள் ஏறியது. அட்டையை எடுத்ததும் இறங்கியது. இரண்டு பேரும் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

எங்கள் பங்குக் கோயிலில் இதைச் சொன்னபோது சிலர் கேலி செய்தார்கள். காற்று போனது, சூடு குறைந்தது, இதில் புதுமை எங்கே என்றார்கள். காற்றுதான் காரணம் என்று எனக்கும் தெரியும். ஆனால் திருப்புளியை என் கையில் கொடுத்தது யார்? மாதா படத்தைக் கழற்றும் துணிச்சல் எனக்கு ஏது? அத்தனை நாள் அடக்க ஒடுக்கமாகக் கேட்டபோது வராத பதில், மகள் தாயிடம் வாயாடுவது போலக் கத்தியதும் வந்தது. எனக்கு அது போதும்.

அன்றிலிருந்து வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. மதர் வேறு வண்டிப் பேச்சே எடுக்கவில்லை. என் ஜெபமும் மாறிவிட்டது. இப்போதெல்லாம் மனப்பாடமாய் ஒப்பிப்பதில்லை. வழியெல்லாம் பக்கத்து சீட்டில் இருக்கிற மாதாவிடம் பேசிக்கொண்டுதான் போகிறேன்.

என் அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டிருக்கலாம். மாதாவுக்கு மாலை போட்டு வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள். உள்ளே கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை வரவில்லையென்றால் கோபத்தோடே கூப்பிடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், எழுந்து வருவாள். நான் துப்பட்டாவால் கட்டி உட்கார வைத்துப் பார்த்தவள் சொல்கிறேன்.