பத்துமலையின் சுடாத கால்

மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கில் வேன்காரர் பத்துமலையைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஒன்றை வைத்திருந்தார். வயது ஐம்பத்தேழு ஆகியும் சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. அதை யாரும் கேட்காமலே சொல்லும் பழக்கம் மட்டும் இருந்தது. அவரோடு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களில் பாதிப்பேர் இன்சுலின் ஊசியோடு அலைகிறார்கள். தனக்கு ஒன்றும் வராததற்கு விட்டமின்தான் காரணம் என்று திடமாக நம்பினார். அவர் மனதில் முதலிடம் மாரியம்மனுக்கு, இரண்டாமிடம் விட்டமினுக்கு. சில வாரங்களில் இந்த வரிசை மாறியும் இருக்கும்.

எல்லாம் ஒரு சின்னக் குறுகுறுப்பில் தொடங்கியது. நாள் முழுக்கக் கிளட்ச் மிதித்ததில் கால்விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மைத்துனன் சுகுமாரனிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். சுகுமாரன் பகலில் தொழிற்சாலை வேலைக்காரன், மற்ற நேரமெல்லாம் விட்டமின் ஏஜெண்டு.

“மச்சான், இது நரம்பு வீக் லா. நம்ம கம்பெனி மாத்திரை இருக்கு, பயப்படாதீங்க” என்று மறுநாளே கொண்டுவந்து இறக்கினான்.

ஒரு பாட்டிலோடு நின்றிருந்தால் கதையே இல்லை. மருந்துக்கடையில் இன்னொரு நரம்பு மாத்திரை தென்பட்டது, அதையும் வாங்கினார். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் ஆரஞ்சு வில்லை ஒன்று, உடம்புக்குத் தெம்பாம், அதுவும் வந்து சேர்ந்தது. மூன்றிலும் ஒரே சத்துதான் பெரிய பங்கு என்று பின்னால் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பொடி எழுத்தைப் படிக்கிற ஆளா பத்துமலை? முன்னால் இருந்த ஓடும் குதிரையின் படமே அவருக்குப் போதும்.

குறுகுறுப்பு போனது. அது இருந்த இடத்தில் மரமரப்பு வந்தது. மாத்திரை போதவில்லை என்று முடிவுகட்டி, காலையில் போட்டதை இரவிலும் போட ஆரம்பித்தார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று மேடையேறிப் பேசச் சொன்னால் பேசுவார். ஆனால் அது அமுதத்தைப் பற்றிய பழமொழி. விட்டமினைப் பற்றி முன்னோர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லையே.

மரமரப்பு ஏறிக்கொண்டே போக, அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார். அங்கே டாக்டர் ஷர்மினி சர்க்கரையைச் சோதித்தாள். இல்லை. “அங்கிள், வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாள்.

“மருந்தா? ஒன்னுமே இல்ல டாக்டர்!” என்றார் பெருமையாக.

அவர் பொய் சொல்லவில்லை. மருந்து என்பது நோயாளி சாப்பிடுவது. விட்டமின் சத்து. மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டால் முருங்கைக்கீரை சாப்பிட்டதையா சொல்வான் மனிதன்?

ஒருநாள் பாசாரில் காய்கறி வாங்கும்போது மனைவி கலாதேவி அவரை நிறுத்தினாள். “என்னாங்க, ஒத்தச் செருப்பு எங்க?” குனிந்து பார்த்தால் ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு மீன்கடைப் பக்கம் எங்கோ கழன்று கிடந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. கலாதேவி சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை. சில நாட்களாகவே வேனில் பிரேக் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் மிதித்துக்கொண்டிருந்தார். பின்னால் வண்டி நிறையப் பிள்ளைகள். அன்று அவர் பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. இந்தக் கால் போனால் வேன் போகும், வேன் போனால் புந்தோங்கில் அவர் யார்?

அதை டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் அம்மனிடம் சொன்னார். “காலத் திருப்பிக் குடு தாயே, இந்த வருசம் தீமிதிக்கிறேன்.”

கோலா கங்சார் பக்கம் அவர் பிறந்த தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூட இல்லை, எல்லாம் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு மட்டும் ஈப்போவிலிருந்தும் சிலிம் ரிவரிலிருந்தும் கார்கள் வந்து செம்பனைக்குள் நிற்கும்.

தீக்குழியில் ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது, மளமளவென்று நடந்துவிட வேண்டும். வாலிபத்தில் இரண்டு தரம் இறங்கிய பத்துமலைக்கு இது தெரியும். அந்தச் சூடும் நினைவிருந்தது. இந்தத் தடவை முதல் அடி வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த அடி. பட்டுப்பாய் விரித்தது போல இருந்தது. தாய் வந்துவிட்டாள் என்று அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நடுக்குழியில் நின்றார். இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாகக் கும்பிட்டார்.

உறுமி மேளம் வெறிபிடித்து அடித்தது. “ஓம் சக்தி!” என்று கூட்டம் அலறியது. தீக்குழியின் முடிவில் இருந்த பால்குழியில் இறங்கி ஏறியவரின் காலில் பழைய தோட்டத்து இருளாயி அக்கா விழுந்தாள், அவள் பின்னால் ஒரு வரிசையே விழுந்தது. சுகுமாரன் எல்லாவற்றையும் படமெடுத்துத் தன் வாட்சப் குழுவில் போட்டான். ‘அம்மன் அருள், நரம்பு பலம், என் மச்சான்’ என்று எழுதி, கீழே மாத்திரைப் பாட்டிலின் படத்தையும் சேர்த்திருந்தான்.

மறுநாள் காலை கலாதேவி மெத்தை ஈரமாக இருப்பதைப் பார்த்துப் போர்வையை விலக்கினாள். இரண்டு பாதமும் கொப்புளித்து உடைந்து, பார்க்க முடியாமல் கிடந்தன. பத்துமலை நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றதைக் கேட்க டாக்டர் ஷர்மினியிடம் போனபோது அவள் கேள்வியை மாற்றினாள்.

“அங்கிள், மருந்த விடுங்க. சத்துன்னு நெனச்சு என்னென்ன சாப்பிடுறீங்களோ, எல்லாத்தையும் அக்காவ எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

கலாதேவி ஓர் அரிசிப்பை நிறையக் கொண்டுவந்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். “இதுல பி சிக்ஸ். இதுலயும் பி சிக்ஸ். இந்த ஆரஞ்சுலயும். இது ரொம்ப கூடிப்போனா நரம்பையே கெடுத்துரும் அங்கிள்.”

“நரம்புக்குத்தானே டாக்டர் சாப்பிட்டேன்?”

“அதான் அங்கிள். எல்லாத்தையும் நிறுத்துங்க. உணர்ச்சி மெதுவாத் திரும்பும், முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. அதுவரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது.”

வேலியே பயிரை மேய்ந்த கதை. அன்று வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதார் பத்துமலை. வேனை ஓட்ட வேறு ஆள் வந்தான்.

கோயில் தலைவர் கனகராஜ் பழக்கூடையோடு பார்க்க வந்தார். “அடுத்த வருசம் நீதான் மொத ஆளா எறங்கணும் தம்பி.”

பத்துமலைக்கு மனம் கேட்கவில்லை. “அண்ணே, அருளும் இல்ல ஒன்னும் இல்ல. விட்டமின் கூடிப்போயி கால் மரத்துப்போச்சு, அவ்வளவுதான் லா.”

கனகராஜ் கண் கலங்கிவிட்டார். “பாத்தியா கலா, அருளோட அடக்கத்தையும் சேத்துக் குடுத்திருக்கா ஆத்தா.”

அடுத்த திருவிழாவுக்கு அவரை விடாப்பிடியாக அழைத்துப் போனார்கள். இறங்கமாட்டேன், கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனார். உச்சிவெயில். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டுக் கோயில் வாசலின் சிமெண்டுத் தரையில் கால் வைத்தார்.

“ஐயய்யோ!”

வலது காலைத் தூக்கினார். இடதும் சுட்டது. அதைத் தூக்கினால் வலதைக் கீழே வைக்க வேண்டும், வைத்தால் அதுவும் சுட்டது. நடுத்தீயில் நின்று கும்பிட்டவர் வெறும் வெயிலுக்கு எண்ணெய்ச் சட்டியில் போட்ட கடுகாகத் துள்ளினார். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. “சுடுது கலா! ரெண்டு காலும் சுடுது லா!”

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. கனகராஜ் மெல்ல வேறு பக்கம் திரும்பினார். இருளாயி அக்கா உச்சுக்கொட்டினாள். “பாவம், அம்மன் போயிட்டா போலருக்கே.”

கலாதேவி செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவள், அதைக் கீழே போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, துள்ளுகிற கணவனைக் கண் நிறையப் பார்த்தாள்.

“போகல அக்கா” என்றாள். “இப்பத்தான் வந்திருக்கா.”