மிச்சமான பாசிமணி

கல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஆறுச்சாமி இன்னும் முழுதாக நம்பவில்லை. "சாரு சொல்றாருங்க, நாம ஓட்டை போடறமுங்க" என்று மர உருண்டையை இரண்டு உள்ளங்கால்களுக்கு நடுவே இடுக்கித் துளைபோடுகிறார்.

பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் கடைநிலை ஊழியர். கனிமங்களுக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைக் காட்டும் மாதிரிகள் இவர் கைவேலை. உருண்டைகள்தான் அணுக்கள், பரீதின் சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட சக்கரக் கம்பிகள் பிணைப்புகள், வெள்ளைப் பாசிமணி ஹைட்ரஜன்.

போன மாதம் கல்லூரிக் கண்காட்சிக்காக ஒரு புதுக் கனிமத்தின் படம் வந்தது. களிமண்ணில் இருக்கும் அதே அலுமினியம், சிலிக்கன், ஆக்ஸிஜன்; ஆனால் பூமியின் ஆழத்து அழுத்தத்தில் நசுங்கியது. அங்கேயும் தண்ணீர் முழுக்க வெளியேறாமல் ஹைட்ரஜனாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழக்கமாகச் சிலிக்கனைச் சுற்றி நான்கு ஆக்ஸிஜன், இதில் ஆறு. பேராசிரியர் அரைமணி நேரம் விளக்கினார். "கொழிஞ்சாம்பாறை பஸ்ஸுங்க. நாலு பேர் சீட்டுல ஆறு பேரு" என்று ஆறுச்சாமி ஒரே வரியில் முடித்தார்.

மூலைக்கு ஒன்றாக எண்ணி எடுத்திருந்தும், படத்தின்படி மாதிரி முடிந்தபோது ஒரு பாசிமணி மிஞ்சியது.

"தூக்கிப் போடப்பா" என்றார் பேராசிரியர்.

"எப்படீங்க சார்? மத்த மூலையிலெல்லாம் ஒண்ணொண்ணு இருக்குதுங்க. இந்த மூலை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

பேராசிரியர் முகம் சுளித்து, படம் வெளியான வெளிநாட்டுச் சஞ்சிகையைப் புரட்டினார். படத்தைப் பிரதியெடுத்தபோது ஒரு ஹைட்ரஜனை விட்டிருந்தது அவர்தான். மணி மூலைக்குப் போனது.

இப்போது அந்தக் கனிம மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அட்டையில் பேராசிரியர் பெயர், துறையின் பெயர், பெட்டியை அன்பளித்தவர் பெயர்கூட உண்டு. செய்தவர் பெயர் இல்லை. கேட்டால், "நான் தால்காலிகமுங்க" என்கிறார். எட்டு வருடத் தற்காலிகம். அந்தக் கனிமம்கூட இவ்வளவு அழுத்தம் தாங்குமா, தெரியவில்லை.

"ஒண்ணுதானுங்க சங்கடம். பேரு போடுவாங்கன்னு ஊட்டுல சொல்லிப்போட்டனுங்க. ஞாயித்துக்கிழமை ஊட்டுக்காரி மருதாத்தா பாக்க வாராளுங்க. அவ எழுத்துக் கூட்டிப் படிப்பாளுங்க."

சொல்லிக்கொண்டே சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். நான்கு பக்கமும் பளபளத்தது. அட்டைக்கு நேரே இருந்த தூசியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டார்.

கண்காட்சிக்குப் போகிறவர்களே, மருதாத்தாள் வருவதற்கு முன் அந்தத் தூசியைத் துடைத்துவிட்டு, பேராசிரியர் காதில் விழும்படி கேளுங்கள்: இதைச் செய்தது யார்?