மாலை விழக்கூடாத படம்

எங்கள் ஊரில் சுவரில் பெரிய படமாக ஏற வேண்டுமானால் முதலில் செத்துப்போக வேண்டும். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. ஆனால் காரைக்காலில் எந்த வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தாலும் புரிந்துவிடும். மரச்சட்டம், மேலே சின்னதாய் ஒரு சிவப்பு பல்ப், பிளாஸ்டிக் மாலை, நடுவில் ஒரு முகம். அந்த முகத்துக்குரியவர் இப்போது இல்லை. இருப்பவர்களுக்குக் கல்யாண ஆல்பமும் செல்போனும் போதும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, பாண்டிக்குப் போய் ஓவியம் படித்து, வரைந்தால் மனித முகம்தான் வரைவேன் என்று அடம்பிடித்துத் திரும்பி வந்தவள் நான். கொழுப்பு, வேறென்ன.

அம்மாவிடம்தான் முதலில் கேட்டேன். செத்த நேரம் அசையாமல் உட்காரும்மா, உன்னை வரைகிறேன் என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "ஏன்டி, அதுக்குள்ள என்னைச் செவுத்துல மாட்டணுமா? இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போறேனே" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாங்கள் இருக்கும் தலத்தெருப் பக்கம், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேட்டேன். நல்ல முகம் அவருக்கு, கன்னத்தில் இரண்டு பக்கமும் குழி. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "வேணாங்க. பொண்ணு கல்யாணம் பாக்கி இருக்குங்க." நான் என்ன அவரைக் கொல்லவா கேட்டேன்?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் பிழைப்பே செத்தவர்களின் முகத்தில்தான் ஓடுகிறது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர். பிளக்ஸ் பேனர் டிசைன் செய்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவருக்குப் பிறந்தநாள் எல்லாம் உண்டு. ஆனால் தவறாமல் வருவது கண்ணீர் அஞ்சலிதான். ஒரு உயிர் போன கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். ஆதார் அட்டையிலிருந்து வெட்டியது, இல்லையென்றால் யார் கல்யாணத்திலோ பந்தியில் வாயில் சோற்றோடு இருக்கும்போது எடுத்தது. பந்தல்காரர் மூங்கில் நடுவதற்குள் பேனர் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு ஒரு வழிமுறை வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் 'உடம்பு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்ட உடம்பு, கோட் போட்ட உடம்பு, பட்டுப்புடவை கட்டிய உடம்பு. தலையை மட்டும் வெட்டி எடுத்து, பொருத்தமான உடம்பில் ஒட்டுவேன். கழுத்தை நேராக்குவேன். சுருக்கத்தைத் தேய்ப்பேன். வாயைச் சாத்துவேன். நிறத்தை இரண்டு படி ஏற்றுவேன். இதையெல்லாம் யாரும் கேட்கக்கூட வேண்டாம், ஆனாலும் கேட்பார்கள். "அப்பாவ கொஞ்சம் செவப்பா போடுங்க." "ஆச்சி மூக்குல அந்த மருவ எடுத்துடுங்க." பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவர் போனபோது, சட்டையில் மெடல் குறைகிறது என்று அவர் பேரன் இரண்டு தடவை திருப்பி அனுப்பினான். வாழ்நாள் முழுக்க மேல்சட்டை போடாமல் வலை இழுத்த மனிதருக்குக் கோட் மாட்டி அனுப்பியிருக்கிறேன். வீட்டார் அழுதுகொண்டே, "போட்டோ மாதிரியே இருக்குங்க" என்றார்கள். போட்டோதானே ஐயா அது! வேறு எப்படி இருக்கும்?

அந்தப் பாராட்டைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பகலெல்லாம் இதைச் செய்துவிட்டு, விடிகாலையில் கேன்வாஸ் முன்னால் நின்றால், வரைய முகம் இல்லை. என் முகத்தையே கண்ணாடியில் பார்த்து வரைந்து அலுத்துப்போனேன். இவ்வளவு கோபமான முகத்தை எத்தனை தடவைதான் வரைவது?

இந்த நிலையில்தான் பாண்டியில் ஒரு கூட்டு ஓவியக் கண்காட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு படம், பெரியதாக, புதியதாக வேண்டும் என்றார்கள். புரட்டாசியில் திறப்பு. எங்களுக்கு எதுவானாலும் பாண்டிதான். சான்றிதழ் ஒன்றில் கையெழுத்து விட்டுப்போனால்கூடத் தமிழ்நாட்டைத் தாண்டிப் போய் வர வேண்டும். படித்து முடித்து இத்தனை வருஷத்தில் என்னை ஓவியர் என்று சொல்லி ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஊரில் எனக்குப் பெயர் 'பிளக்ஸ் அக்கா'. இந்தப் படம் சரியாக வந்தால் அந்தப் பெயரிலிருந்து ஒரு அடியாவது வெளியே வரலாம். வராவிட்டால் 'உடம்பு' ஃபோல்டரோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

முகம் கிடைத்தது. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வெயிலில் கருத்து இறுகிய முகம், இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் தழும்பு, முன்பல்லில் ஒரு சந்து. வாய் மூடவே மூடாது. மீன் விலை சொல்லும்போதே தன் நாத்தனாரையும் திட்டி முடித்துவிடுவார். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் கரையில் கிடந்தபோது அன்னக்கூடையில் நாலு கிழங்கான் மட்டும் கிடக்க வந்து நின்றார். வியாபாரம் இல்லாத எரிச்சலில் இருந்தார். நானும் எரிச்சலில் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"ஒக்காந்தா போதுமா? வேற ஒண்ணும் செய்ய வேணாமா?"

"ஒண்ணும் வேணாங்க்கா. பேசிக்கிட்டேகூட இருங்க."

அவர் யோசித்தார். அவருக்கும் அந்தப் பயம் இருந்தது, கண்ணில் தெரிந்தது. ஆனால் அவருக்குப் பயத்தைவிட ஆசை அதிகம்.

"ஒக்கார்றேன் தங்கச்சி. ஆனா ஒண்ணு. எம் படத்துக்கு மால மட்டும் விழக்கூடாது. எங்க வேணா மாட்டிக்க. மால விழுந்துச்சுன்னா எங்க வூட்டுக்காரரு என்னையும் வுட மாட்டாரு, ஒன்னையும் வுட மாட்டாரு, சொல்லிப்புட்டேன். இன்னொண்ணு, முடியிற வரைக்கும் நான் பாக்க மாட்டேன். அரமூஞ்சியப் பாக்கக்கூடாது."

சத்தியம் செய்துகொடுத்தேன்.

அந்தத் தடைக்காலக் காலைகள் நன்றாகப் போயின, பொய் சொல்ல மாட்டேன். மீனை விற்றுவிட்டு வந்து கொல்லைப்பக்கம் மோடாவில் உட்காருவார். பேசுவார், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார், வந்து வேறு பக்கம் பார்த்து உட்காருவார். எனக்குத் தலைவலி. ஆனால் கேன்வாஸில் முதல் தடவையாக ஒரு ஆள் அசைந்தார். வாய் பாதி திறந்திருந்தது. தழும்பு சரியான இடத்தில் விழுந்தது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வாய மூடினா நல்லாருக்கும்" என்றாள்.

பிறகு தடைக்காலம் முடிந்தது. படகுகள் போயின, மீன் வந்தது, அக்கா வரவில்லை. வந்தாலும் நிற்கவில்லை. "சங்கரா இருக்கு, கணவா இருக்கு, ஒக்கார நேரமில்ல" என்று கூடையோடு ஓடினார். படம் பாதியில் நின்றது. பாண்டியிலிருந்து போன் மேல் போன். வேறு வழியில்லாமல், முன்பு செல்போனில் எடுத்து வைத்திருந்த அக்காவின் படத்தைப் பார்த்து முடித்தேன். பகலில் பேனர், காலையில் கேன்வாஸ், இரண்டும் ஒரே கையால். முடித்ததும் தள்ளி நின்று பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. திருப்தியாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி பிடித்து அனுப்பினேன்.

புரட்டாசி பிறந்துவிட்டால் பாதி ஊர் கவுச்சி தொடாது. அதனால் திறப்பு விழாவன்று அக்காவுக்கு வியாபாரம் இல்லை. "வா, போயிப் பாத்துட்டு வருவம்" என்று அவராகவே கிளம்பிவிட்டார். நல்ல புடவை, தலை நிறையக் கனகாம்பரம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "எம் படத்தப் பாக்க நானே போறேன் பாத்தியா. செத்தவங்களுக்கு இது கெடைக்குமா?" என்று சிரித்தார். கடலூர் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

மண்டபத்துக்குள் நுழைந்தேன். வாசலுக்கு நேரே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில், என் படத்தைத்தான் வைத்திருந்தார்கள். அதற்குக் கனமான சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். சட்டத்தின் நாலு மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கீழே ஊதுவத்தி புகைந்தது.

அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதற்குள் ஓடிப்போய் மாலையைப் பிடுங்கினேன். அது ஆணியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த மண்டபத்து ஆள் பதறி ஓடிவந்தார்.

"மேடம், மேடம், ஏன் மேடம் கழட்டறீங்க?"

"யாரக் கேட்டு போட்டீங்க? அவங்க உசுரோட இருக்காங்கய்யா!"

அவர் என்னையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "தெரியல மேடம். விளக்குக்கு வாங்குனதுல ஒரு மாலை மிச்சம். பாத்தா அப்படித்தான் மேடம் இருந்துச்சு" என்றார்.

அந்த நேரத்தில் அக்கா உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். படத்தை ஏறிட்டுப் பார்த்தார். முகம் சட்டென்று வாடிப்போனது. கன்னத்தில் லேசாகப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"பாவம். யாரு தங்கச்சி இந்தம்மா? நல்ல வூட்டு அம்மா மாரி இருக்கு. என்ன செஞ்சிச்சு ஒடம்புக்கு?"

நான் திரும்பிப் படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். கழுத்து நேராக இருந்தது. சுருக்கம் ஒன்றுகூட இல்லை. நிறம் இரண்டு படி ஏறியிருந்தது. புருவத் தழும்பு எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை. வாய் மூடியிருந்தது. இந்த உலகத்தில் மூடாத ஒரு வாயை நான் மூடி வைத்திருந்தேன். அக்கா மோடாவிலிருந்து எழுந்து போன பிறகு, செத்தவர்களிடம் பழகிய கை தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. மாலை போட்டவர் மேல் என்ன குற்றம்? சகுனம் பார்க்கும் ஊரில் பிறந்ததுதான் என் கஷ்டம் என்று இத்தனை நாளும் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது. அழுகை வருமுன் கோபம் வந்தது, என் மேலேயே.

"அது நீங்கதாங்க்கா."

"நானா?"

கிட்டே போனார். மாலையைத் தூக்கிக் கீழே புடவையைப் பார்த்தார். புடவை அவருடையதுதான். அவர் கோபப்படுவார், கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் புருவத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

"கழட்டு தங்கச்சி. வூட்டுக்குப் போவம்."

கண்காட்சி நடத்தியவர் வந்து சமாதானம் சொன்னார். மாலையை எடுத்துவிடலாம், படம் அப்படியே இருக்கட்டும், இவ்வளவு தத்ரூபமாகப் போட்டோ மாதிரியே இருக்கிறதே என்றார். இப்போது இறக்கினால் அந்தச் சுவர் காலியாக நிற்கும், அடுத்த தடவை கூப்பிடுவது சிரமம் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் படத்தை இறக்கினேன். பழைய போர்வை ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுற்றினேன்.

பேருந்து நிலையத்தில் அக்காவே பேச்சை ஆரம்பித்தார்.

"வேற போடு. ஒக்கார்றேன்."

"நாளைக்கா?"

"ஆசதான். விக்காத மீனக் கருவாடு போடணும், ஐப்பசி பொறந்தா ஏவாரம், கார்த்திக வரைக்கும் எனக்கு மூச்சுவுட நேரம் கெடைக்காது. அப்பறம் வூட்டுல விசேஷம். தடக்காலம் வரட்டும், பாப்பம்."

தடைக்காலம்! அடுத்த சித்திரை. அதுவரை எத்தனை பேனர், எத்தனை வெள்ளைச் சட்டை, எத்தனை வாய்களை மூட வேண்டும். அதற்குப் பிறகும் என் கை என் பேச்சைக் கேட்குமா? பேருந்தில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். படத்தைக் காலுக்கு முன்னால் நிறுத்திப் பிடித்திருந்தேன். பேருந்து குலுங்கியதில் போர்வை நழுவி, சட்டத்தின் சந்தனப் பொட்டும் முகமும் வெளியே தெரிந்தன.

டிக்கெட் போட வந்த கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு நின்றார். குரல் இறங்கியது.

"அடடா. எப்பங்க தவறுனாங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா டிக்கெட்டுக்குக் கையை நீட்டியபடியே சொன்னார்:

"காலையிலதான் தம்பி. நமக்கு ஒண்ணும் ஒறவு இல்ல. ரெண்டு காரைக்கால் குடு."