கஜனின் கடைசி ஆட்டமும் எங்கள் பால்கனியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. அவுஸ்திரேலியாவில் ஒரு மாநில அணிக்கு வேகப்பந்து போட்ட ஒருவனுடைய விக்கெட்டுகளில் பாதியையாவது மொன்றியலில் சோபாவில் இருந்தபடி நான்தான் எடுத்துக்கொடுத்தேன் என்று சில வருடங்கள் மனதார நம்பியிருந்த முட்டாள் நான்.

அவன் பெயர் கஜன். என் சித்தியின் மகன். போன கிழமை ஒரு கலியாணத்துக்காக மெல்பேர்னிலிருந்து வந்து, மொன்றியல் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டில் நின்றான். காலையில் மேல்மாடியிலிருந்து வலித் தைலத்தின் மணம் படியிறங்கி வந்தது.

"ஆருக்கு வருத்தம்?" என்றாள் மனைவி.

"வேகப்பந்துக்கு" என்றேன்.

அந்த மணம் எனக்குப் பழக்கமானது. நானும் ஒரு காலத்தில் வேகப்பந்து வீச்சாளன்தான், நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பூங்காவில் ஞாயிறுதோறும் எங்கள் ஆட்கள் புல்லின் மேல் பாய் விரித்துக் கிரிக்கெட் ஆடுவார்கள். நான் ஓடிவரும் தூரத்தைப் பார்த்து, நாயோடு நடை போனவர்கள் பயந்து ஒதுங்கியிருக்கிறார்கள். வேகப்பந்தென்றால் விக்கெட் காப்பாளர் நன்றாகப் பின்னால் தள்ளி நிற்பதுதான் முறை. எங்கள் காப்பாளன் நேசனோ ஸ்டம்புகளை மணந்து பார்ப்பவனைப் போல ஒட்டி நிற்பான். ஏன்ரா என்று கேட்டால், "பின்னுக்கு நிண்டா பந்து வந்து சேராது, மச்சான்" என்பான்.

ஆகவே எங்கள் பரம்பரையின் வேகம் முழுவதும் கஜனுக்குப் போய்விட்டது. ஆறு வயதில் சித்தியோடு மெல்பேர்னுக்குப் போனவன், அங்கே பனையாய் வளர்ந்தான். கழக ஆட்டங்களில் பலருடைய விலா எலும்பைப் பதம் பார்த்து, மாநில அணிக்குள் வந்தான். வந்ததும் முதுகெலும்பில் வெடிப்பு. ஒரு கோடைகாலம் முழுக்க மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் காவினான். மைதானத்துக்குள் அவன் போத்தலோடு ஓடிய அழகைப் பார்த்தே சித்தி உறவுக்காரர் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தாள். முதுகு தேறினால் முழங்கால். அவர்களுக்கு ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம்தான். சில வருடங்களுக்கு முந்திய ஒரு மார்ச்சில், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் விக்கெட் எடுத்தால் அடுத்த வருடமும் அணியில் இருப்பான். எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அங்கே காலை என்றால் எங்களுக்கு முன்னிரவு. அப்போது செயின்ட்-மிஷேலில் வாடகைக்கு இருந்தோம். மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் கொழுவிவிட்டு நானும் நேசனும் உட்கார்ந்தோம். கஜன் போட்டான், அவர்கள் அடித்தார்கள். பார்க்கச் சகிக்காமல் நேசன் சிகரெட் பிடிக்கப் பால்கனிக்குப் போனான். அவன் கதவைச் சாத்தியதும் ஸ்டம்ப் பறந்தது.

ஓடிவந்தான். அடுத்த பந்து நாலு ஓட்டம். அதற்கடுத்தது கைக்கு வந்த பிடி நழுவியது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. விக்கெட் விழும்போது யார் எங்கே இருந்தார்களோ, அங்கேயே இருக்கவேண்டும். எங்கள் ஊரில் அதற்காகக் கக்கூசுக்குள்ளேயே மத்தியானம் கழித்தவர்கள் உண்டு. நான் நேசனைப் பார்த்தேன்.

"வெளியில போ."

"டேய், சிகரெட் முடிஞ்சுது."

"சும்மா போய் நில்."

போனான். விழுந்தது.

வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே எங்கேயோ இருந்தது. மறுமுனையில் வேறு யாரோ போடும் ஓவர்களில் நேசனுக்கு உள்ளே வர அனுமதி. நாங்கள் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் கையைத் தேய்த்து, தேத்தண்ணி பருக்கி, என் கையுறையை மாட்டி, என் தொப்பிக்கு மேல் மனைவியின் சால்வையையும் சுற்றி, கஜனின் ஓவருக்குத் திரும்ப அனுப்புவோம்.

"அவன் விறைச்சுச் செத்தா ஆர் பதில் சொல்லுறது?" என்றாள் மனைவி.

"மூண்டு விழுந்திட்டுது. நாலாவதும் விழட்டும், பேந்து யோசிப்பம்."

எதிர்ப் பால்கனியிலிருந்து ஒரு கிழவி, சுகமா மொஸ்யூ, மனைவி துரத்திவிட்டாளா என்று பிரெஞ்சில் விசாரித்தாள். நேசனுக்குத் தெரிந்த பிரெஞ்சு, நன்றி என்ற ஒரே ஒரு சொல். "மெர்சி, மெர்சி" என்று கும்பிட்டான். அந்த நேரம் நாலாவது விழுந்தது. நான் கண்ணாடியில் தட்டி நாலு விரலைக் காட்ட, அவன் அங்கேயே ஆடினான். கிழவி உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

எதிரணி சுருண்டது. கஜனுக்கு ஒப்பந்தம் உறுதி என்று சித்திக்கு நானே அறிவித்தேன். அடுத்த மாதம் அவனுக்கு ஒரு அழைப்பு வந்தது. நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் தெரிவாளர்களைத் திட்டித் தீர்த்தோம். இருமலோடு கிடந்த நேசன் மட்டும், "நான் கையுறை போட்டிருக்கக் கூடாது, மச்சான்" என்றான். அவன் பகிடி விடுகிறானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நேசன் இப்போது டொரொன்டோவில். சிகரெட்டை விட்டுவிட்டான். செயின்ட்-மிஷேல் கட்டடத்தில் பால்கனிகளை எல்லாம் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள், இனி ஒருவனை அங்கே நிறுத்தியும் பயனில்லை. பூங்காவில் பாய் விரித்த இடத்தில் பிள்ளைகள் கால்பந்து உதைக்கிறார்கள். நான் தனியே கைத்தொலைபேசியில் ஓட்ட எண்ணிக்கை பார்க்கிறேன். யாரும் யாருடைய விக்கெட்டுக்கும் பொறுப்பில்லை.

கஜன் இப்போது மெல்பேர்னில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பிக்கிறான். தைல மணம் வந்த அந்தக் காலையில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிவந்து, இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டான். நேசன் குளிரில் நின்ற கதையைச் சொன்னேன். புரையேறச் சிரித்தான். அந்தச் சிரிப்போடேயே, இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நாலு விக்கெட் எடுத்தனி. பிறகும் ஏன்ரா தம்பி உன்னை விட்டவங்கள்?"

கஜன் இன்னொரு இடியப்பத்தை எடுத்தான்.

"மற்றப் பக்கத்தால போட்ட பெடியன் அஞ்சு எடுத்தவன், அண்ணை."