அத்தையைப் பற்றி விசாரிக்க வந்தவர்

என் அத்தைக்குப் பாஸ்போர்ட் கிடைக்காமல் போகப் பார்த்தது. காரணம், எங்கள் தெருவில் அவளைப் பற்றி ஒருவர்கூட ஒரு குறை சொல்லாததுதான். இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எண்பதுகளின் ஆரம்பத்தில், ஆரணியில், எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். நைட் டூட்டி விழுகிற வாரங்களில் அங்கேயே தங்கிக்கொள்வாள். அவளோடு வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி மஸ்கட்டுக்குப் போயிருந்தாள். அங்கே தன் ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியாகிறது, ஈஸ்டருக்குள் பாஸ்போர்ட் நம்பர் வந்தால் அத்தைக்கு வாங்கித் தருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தனக்கென்று ஒரு ரிப்பன்கூடக் கேட்டு வாங்காத அத்தை, இதற்கு மட்டும் அப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டாள். அப்பா தறியில் உட்கார்ந்தால் அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

எங்கள் தெருவில் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் கிடையாது. பட்டு முதலாளி ஒருவரிடம் இருப்பதாகப் பேச்சு. அவரும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். அத்தை வேலூரிலிருந்து விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தாள். பாஸ்டர் ஐயா ஞானஸ்நான சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். பஜாரில் டைப் அடிக்கிறவரிடம் நானும் கூடப் போனேன். கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தவர், கணவர் பெயர் என்ற இடத்தில் கையை எடுத்துவிட்டு அத்தையைப் பார்த்தார். கோடு போடுங்கள் என்று அத்தையே சொன்னாள்.

போட்டோ ஸ்டூடியோக்காரர் அதைவிடப் பேஜார் பண்ணினார். நேராகப் பார்த்து எடுக்கச் சொன்னால், கழுத்தைக் கொஞ்சம் திருப்பும்மா, லேசாச் சிரி என்றார். பிரிண்ட் வந்தபோது அத்தை நல்ல சிவப்பாக இருந்தாள். தாடையிலிருந்த மச்சத்தைக் காணோம். மச்சம் எங்கே என்று அத்தை கேட்டதற்கு, "எடுத்துட்டேம்மா. கல்யாணத்துக்குக் குடுக்கிற போட்டோன்னா எல்லாருக்கும் எடுத்துடறதுதான்" என்றார், உபகாரம் செய்தவர் தோரணையில். பாரத்தில் அங்க அடையாளம் என்று அந்த மச்சத்தைத்தான் டைப் அடித்திருந்தது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்ப எடுத்துக் கொடுத்தார்.

எல்லாம் சேர்த்து மெட்ராசுக்கு அனுப்பியாயிற்று. கையில் வந்த பிறகு ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம், கண்ணு பட்டுவிடும் என்று அம்மா சொன்னதால் தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. போலீஸ் விசாரணை வரும் என்று மட்டும் அப்பா சொல்லி வைத்திருந்தார். போலீஸ் என்றால் காக்கியும் தொப்பியும். எங்களுக்கு வேறு மாதிரிப் போலீஸ் தெரியாது.

வந்தவர் வெள்ளைச் சட்டையும் கண்ணாடியும் போட்டிருந்தார். சைக்கிளில் குடை செருகியிருந்தது. அன்று காலை கோடிவீட்டு மாமா பாவு போட்டிருந்தார். எங்கள் தெருவில் பாவு போட்டால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பட்டு இழைகள் நீண்டு கிடக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பிரித்துக் கஞ்சி தடவுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருப்பார்கள். கையை எடுக்க முடியாது, வாய்தான் சும்மா இருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, இந்தத் தெருவில் இன்னார் வீட்டில் ஒரு பெண் இருக்கிறதாமே, எப்படிப்பட்ட பெண், என்ன வயது, எங்கெல்லாம் போய்வரும் என்று மெல்லக் கேட்டார்.

முன்பின் தெரியாத ஆள் ஒருவர் தெருவில் வந்து கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி விசாரித்தால் அது எதற்கு என்று எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். வந்தவர் காரணத்தைச் சொல்லமாட்டார், கேட்பவர்களும் கேட்கக்கூடாது. ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரிப் பதில் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. போலீஸ்காரருக்கும் தான் யார் என்று சொல்லாமல் கேட்பதுதான் வழக்கம் போலிருக்கிறது. இரண்டு மரியாதைகளும் அன்று பாவுக்குக் குறுக்கே சந்தித்துக்கொண்டன.

இன்னொரு சங்கதியும் உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் தேசூர்ப் பக்கமிருந்து ஒருவர் இப்படித்தான் வந்து கேட்டார். எதிர்வீட்டுப் பெரியம்மா வெள்ளந்தியாக, தங்கமான பொண்ணு, நைட் டூட்டிகூட அலுத்துக்காமப் போவும் என்று சொல்லிவிட்டாள். போனவர்கள் போனவர்கள்தான். அதற்குப் பிறகு அத்தையைக் கேட்டு யாரும் வரவில்லை. பெரியம்மா அதையே நினைத்து நினைத்து மருகினாள். இன்னொருவர் வந்தால் என்ன சொல்வது என்று தெருவே தயாராக இருந்தது.

"அந்தப் பொண்ணுங்களா? தலை நிமிந்து நடந்து நான் பாத்ததில்லைங்க" என்று ஆரம்பித்தார் கோடிவீட்டு மாமா. வயசு இருபத்தி நாலு என்றார் ஒருவர். இருபத்தி நாலு முடியலைங்க என்றார் அவருக்கு எதிரே நின்றவர். எதிர்வீட்டுப் பெரியம்மா மற்றவர்களைப் பேசவிடவில்லை.

"வேலையா? வேலைக்கெல்லாம் போறதில்லைங்க. வீட்லயே அண்ணன் தறிக்குத் தார் நூல் சுத்திக் குடுத்துகினு இருக்கும். வேலூர் எந்தத் திக்குல கீதுன்னுகூட அதுக்குத் தெரியாது."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதே பதில்தான், முன்னைவிட அழுத்தமாக.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அப்பா சேலை கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். அம்மா புடவையை மாற்றிக்கொண்டு, என்னை மிக்சர் வாங்க அனுப்பிவிட்டு, வாசலோடு போகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். பொண்ணு வெளியூர் எங்கேயாவது போகுமா என்று அவர் கடைசியாக அம்மாவையும் கேட்டுப் பார்த்தார். அம்மா நிலைக்கதவுக்குப் பின்னால் நின்றபடி, "போகச் சொன்னாப் போவும். வேணாம்னா வாசப்படி தாண்டாதுங்க" என்றாள். அவர் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் அத்தை வந்து இறங்கியபோது தெரு முழுக்க அவளைப் பார்த்துச் சிரித்தது. பெரியம்மா கனகாம்பரம் கொண்டுவந்து தலையில் வைத்துவிட்டாள். யாரு, எந்த ஊரு என்று அத்தை கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. போளூராக இருக்கும், வந்தவாசியாக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். உன் கல்யாணத்துக்கு எனக்கும் ஒரு ஜரிகைப் புடவை வேணும் என்று அம்மா கேலி பண்ணினாள். அத்தை, சும்மா இருங்கண்ணி என்றாள். ஆனால் முகம் கழுவிக்கொண்டு வந்தவள், கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றாள். பூவைச் சரிசெய்துகொண்டாள். மஸ்கட் பேச்சை அன்று அவள் எடுக்கவே இல்லை.

அந்த வாரமே காக்கி போட்ட ஒருவர் வந்தார். அண்ணனும் தங்கையும் ஸ்டேஷனுக்கு வர வேண்டுமாம். அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார், அத்தைதான் சரிசெய்துவிட்டாள். அங்கே நடந்ததை அப்பா திரும்பி வந்து சொன்னார். வெள்ளைச் சட்டைக்காரர் அங்கே உட்கார்ந்திருந்தாராம். பாரத்தில் முப்பத்து மூன்று வயது, தெருவில் இருபத்து நாலு. பாரத்தில் நர்ஸ், தெருவில் தார் சுற்றுகிற பெண். ஒரே வீட்டில் ஒரே பேரில் இரண்டு பேர் இருக்கிறார்களா, யாருடைய பேரில் யார் வெளிநாடு போகப் பார்க்கிறீர்கள் என்று அதட்டினாராம். அத்தைதான் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்.

"என்னைப் பொண்ணு கேக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சிட்டாங்க சார். அதான் எல்லாத்தையும் கூட்டிச் சொல்லிட்டாங்க. வயசை மட்டும் கொறைச்சிட்டாங்க."

அவர் சிரித்துவிட்டாராம். டீ வாங்கிக் கொடுத்தாராம். ஆனால் எழுதியது எழுதியதுதான், தெருக்காரர்களே திரும்பச் சரியாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் மேலே அனுப்ப முடியும், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பினாராம். இதைச் சொல்லும்போது அப்பா அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தை தலைப்பூவை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு, எனக்குச் சோறு போட எழுந்துபோனாள்.

மறுநாள் அவர் வந்தார். கோடிவீட்டு மாமா நாற்காலி கொண்டுவந்து போட்டார். எதற்கு வந்திருக்கிறார் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அத்தை லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் நின்றாள். முன்னால் வாய் ஓயாமல் பேசியவர்கள் இன்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்கள். வேலைக்குப் போகுதுங்க. தனியாத்தான் பஸ்ல போகுதுங்க. ராத்திரியிலயும் ஆஸ்பத்திரியில இருக்குங்க. திருடியதை ஒத்துக்கொள்கிறவர்கள் மாதிரி இருந்தது. யாராவது தயங்கினால் அத்தையே, சொல்லுங்க மாமா, சொல்லுங்க அண்ணே என்று எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் பெரியவர்கள்மேல் கோபமாக வந்தது. உண்மையைச் சொல்லத்தானே சொல்கிறார்கள், அதற்கு ஏன் இவ்வளவு கஷ்டப்பட வேண்டும்?

கடைசியில் எதிர்வீட்டுப் பெரியம்மா. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள். வயது என்ன என்று அவர் கேட்டதும் நின்றுவிட்டாள்.

"அது மட்டும் என் வாயால வராது சார். ஒருவாட்டி நெசத்தைச் சொல்லி இந்தப் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்தேன். நாளைக்கு மெய்யாலுமே யாராச்சும் வந்து கேட்டாங்கன்னா, நீங்க எழுதினதுதானே நிக்கும்?"

அவர் பேனாவை மேலே தூக்கியபடியே இருந்தார். அத்தை பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி வலிக்காது என்று குழந்தைகளிடம் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"யாரும் வரமாட்டாங்கக்கா. எனக்குத் தெரியும். சொல்லிடுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முப்பத்தி மூணு என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முன்பே பாஸ்போர்ட் தபாலில் வந்தது. அத்தை மஸ்கட் போனாள், பல வருஷம் அங்கேயே இருந்தாள். அவள் சொன்ன மாதிரியே யாரும் வரவும் இல்லை. அந்தக் காலையில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பெரியம்மா அந்த எண்ணைச் சொல்லி முடித்ததும் கோடிவீட்டு மாமா தரையைப் பார்த்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்காம் வகுப்பில் எங்கள் டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தது ஒன்றுதான், சரியான விடை சொன்னால் எல்லோரும் கைதட்ட வேண்டும். அந்தத் தெருவில் அன்று கைதட்டியது நான் ஒருத்திதான்.