ஸ்கார்ஃப் நுனியில் ஒரு முடிச்சு

போகிக்கு முதல் நாள் பரண் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தோம். அந்துருண்டை வாசனையோடு ஒரு முக்கோணத் துணி கையில் வந்தது. மெரூன் நிறம், மடிப்பெல்லாம் வெளுத்திருந்தது. நுனியில் ஒரு முடிச்சு. துவைத்துப் போடலாம் என்று வீட்டுக்காரி அதைப் பல்லால் கடித்து இழுத்தாள். "இன்னாங்க இது, குலதெய்வத்துக்குக் காசு கீசு முடிஞ்சி வச்சிருக்கீங்களா?" என்றாள். அதெல்லாம் இல்லை, விடு என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது 2008. எனக்குப் பதினெட்டு வயது. கடலூர் செம்மண்டலத்திலிருந்து சைக்கிளில் ஐ.டி.ஐ. போய்க்கொண்டிருந்தேன், ஃபிட்டர் படிப்பு. பெரிய பையன்களுக்கான சாரணர் குழு ஒன்று இருந்தது, ரோவர் என்பார்கள். அதில் என்னைச் சேர்த்துவிட்டவன் கூடப் படித்த முதுநகர் சேவியர். அணிவகுப்பிலோ கயிறு கட்டுவதிலோ எனக்கு ஆசை கிடையாது. அவன் சொன்ன ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். "மச்சான், சிதம்பரம் தேருக்கு ட்யூட்டி போடுவாங்கடா. கிட்ட நின்னு உங்க சாமிய பாக்கலாம்." ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், நடராஜரைக் காட்டி என்னைப் பிடித்தான்.

சேர்ந்த அன்று குழுத்தலைவர் இடது கையை நீட்டினார். சாரணர்கள் அப்படித்தான் கைகுலுக்குவார்களாம். வீட்டில் சொன்னதும் அம்மா, "அவுரு நீட்டுனா நீ ஏண்டா குடுத்த?" என்று ஒரு வாரம் முணுமுணுத்தாள்.

இந்த முடிச்சும் அங்கே கற்றதுதான். காலையில், கழுத்தில் கட்டுகிற ஸ்கார்ஃப் நுனியில் போட வேண்டும். யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்த பிறகே அவிழ்க்கலாம். சீக்கிரம் அவிழ்க்கிற அவசரத்தில் நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாவின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்துவிட்டேன். "நான் பஸ்ஸுக்கு நிக்கறேன் தம்பி, ரோட்டத் தாண்ட இல்ல" என்று திட்டிக்கொண்டே திரும்பிப் போனார். அன்றும் அவிழ்த்துவிட்டேன், வெட்கமில்லாமல்.

ஆனித் தேருக்கு எங்களைச் சிதம்பரம் தெற்கு வீதி முனையில், காணாமல் போனவர்களுக்கான பந்தலில் போட்டார்கள். மைக் எனக்கு. வழி தவறியவர்களின் பெயரைச் சொல்வேன், சொந்தக்காரர்கள் ஓடி வருவார்கள், அழுவார்கள், திட்டுவார்கள், கூட்டிப் போவார்கள்.

பத்து மணிக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மஞ்சள் பையோடு வந்தார். பெயர் தனம். மகன் தண்ணீர் வாங்கப் போனவன் திரும்பவில்லையாம். மகன் பெயரை, ஊரைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவரோ எனக்கு ஆறுதல் சொன்னார். "நீ ஏன் தம்பி பதறுற? கூட்டம் ஜாஸ்தி. வந்துடுவான்."

பையில் நம்பர் இருக்கும் என்று அவரே எடுத்துப் பார்க்கச் சொன்னார். சேவியர் பார்த்தான். துண்டுச் சீட்டோடு சீப்பு, மாத்திரை, மூன்று புடவை. என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னான்: "தேர் பாத்துட்டுத் திரும்பறவங்களுக்கு மூணு பொடவை எதுக்குடா?"

எதிர்க் கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. நான்தான் போட்டேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. சிதம்பரத்திலிருந்து, உங்கள் அம்மா இங்கே, என்பதற்குள் வைத்துவிட்டது. திரும்பப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

திரும்பி வந்தேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "லைன் கெடைக்கலம்மா" என்றேன்.

தேர் வந்தது. பத்தடி தூரத்தில் சாமி போனார். இதற்காகத்தானே சேர்ந்தேன்? கும்பிட்ட கையோடு, அவங்க பையன அனுப்பு, அவங்க பையன அனுப்பு என்று மட்டுமே கேட்டேன். அனுப்பவில்லை.

சாயங்காலம் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். ஊரில் கொண்டுபோய் விடுகிறோம் என்று ஒரு போலீஸ்காரம்மா வந்தார். தனம் அம்மாள் எழுந்திருக்கவே இல்லை. தான் போய்விட்டால் மகன் வந்து தேடுவான் என்றார். கெஞ்சி ஜீப்பில் ஏற்றினோம். ஏறும்போது என் ஸ்கார்ஃப் நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா தம்பி, வேண்டுதலா?"

"ஆமாம்மா."

"நடக்கும்" என்றார்.

கடலூர் பஸ்ஸில் சேவியர், நாள் பூராவும் அந்த அம்மா கூட நின்றோமே, அது நல்ல காரியம் இல்லையா, அவுத்துடு மச்சான் என்றான். அவன் அவிழ்த்திருந்தான். எனக்குக் கை போகவில்லை. சொன்னபடி ஊரில் விட்டிருப்பார்கள். ஆனால் எந்த வாசலில்? அதன்பிறகு வேறு ஸ்கார்ஃப் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் குழு நாலு வருடத்தில் கலைந்துபோனது. நாங்கள் கூடிய கூடம் இப்போது சைக்கிள் ஷெட். சேவியர் துபாயில் இருக்கிறான். ஒரு ரூபாய் போன் எங்குமே இல்லை. போன வருடம் குடும்பத்தோடு ஆனித் தேருக்குப் போனேன். தெற்கு வீதி முனையில் பந்தலைத் தேடினேன், இளநீர் வண்டிதான் நின்றது. எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, யார் தொலையப் போகிறார்கள்? மஞ்சள் பையோடு தனியாக உட்கார்ந்திருந்த அம்மாக்களை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். தேர் திரும்பியது. மைக்கில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.