அறைக்கு அளவெடுத்த லென்ஸ்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் ஸ்காபரோவில், நிலத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்ட் அறையில் இருந்தோம். கணவர் இரண்டு வேலைக்கு ஓடுவார். நான் கட்டிலில் இருந்தபடி எதிர்ச்சுவரின் சின்ன ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குளிர்காலம் முழுக்க அதில் தெரிந்தது பனியும் வீட்டுக்காரரின் சப்பாத்துக் கால்களும்தான்.

எங்களிடம் லென்ஸ் உடைந்த பழைய கமரா ஒன்று இருந்தது. உடைந்ததைக் கழற்றிவிட்டு, மலிவான பூதக்கண்ணாடி ஒன்றை காகித மட்டைக் குழாயில் பொருத்திக் கறுப்பு டேப் சுற்றினேன். கட்டிலில் இருந்தபடியே குழாயை முன்னும் பின்னும் நகர்த்தி, ஜன்னல் துல்லியமாகத் தெரிந்ததும் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

வெயில் வந்த முதல் ஞாயிறு கணவர் ஏரிக்குக் கூட்டிப்போனார். கமராவுக்குள்ளே ஏரி, வானம், அவர் எல்லாம் ஒரே புகைமூட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனான்?"

"கிட்ட வந்து எடுமன்," என்றார்.

கண்ணில் கமராவோடு அவரை நோக்கி நடந்தேன். ஓரிடத்தில் அவர் முகம் பளிச்சென்று தெளிந்தது. இன்னும் ஓரடி வைத்தால் மங்கியது. பின்வாங்கினாலும் மங்கியது. கமராவை இறக்கிப் பார்த்தேன். எங்களுக்கு நடுவே இருந்தது, அந்தக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையிலான அதே தூரம்.